லேபிளை மறைத்தால்தான் ஒயினின் தரம் தெரியுமா?

துவர்ப்பு:
பல ஊர் ஒயின்களைச் சேர்த்து மதிப்பிடும்போது புட்டியைத் துணியால் மூடியே ஆக வேண்டும். ஊர், ரகம், விலை எதுவும் தெரியக் கூடாது. பிரான்சின் போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்குச் சிவப்பு ஒயினின் மணங்களையே எழுதினார்கள். நிறமே மூக்கை இப்படி ஏமாற்றினால், லேபிளில் உள்ள பெயர் என்னதான் செய்யாது?

பீப்பாய்:
ஊரை மறைத்தால் அளவுகோலும் மறைந்துவிடும். இத்தாலியின் பரோலோ ஒயினைப் பாருங்கள். நெபியோலோ திராட்சை: வெளிறிய நிறம், விளிம்பில் செங்கல் சாயல், டானினும் (வாயைத் துவர்க்க வைக்கும் பொருள்) புளிப்பும் தூக்கல். விதிப்படி 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில் கிடந்த பிறகுதான் வெளியே வரும், அப்போதும் ஈறைப் பிடிக்கும். பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடர்நிற பரோசா ஷிராஸ் இருந்தால், பெயர் தெரியாதவர் பரோலோவுக்கு ‘நிறம் போதாது, முரடு’ என்று மதிப்பெண்ணை வெட்டுவார். அது ரகத்தின் குணம், குறை அல்ல. ஜெர்மனியின் மோசெல் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் 8 சதவீத ஆல்கஹாலும் இனிப்புமாக இருப்பதும் அப்படியே.

துவர்ப்பு:
பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னிய ஒயின்களையும் லேபிளை மறைத்து ஒப்பிட்ட 1976 பாரிஸ் சுவைப்பிலும் இதே வாதம்தான் எழுந்தது. கலிபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப் சிவப்பில் முதலிடம் வந்ததும், ‘போர்தோவுக்கு இன்னும் வயது வேண்டும்’ என்றார்கள். 30 ஆண்டு கழித்து, 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தபோது கலிபோர்னியாவின் 1971 ரிட்ஜ் மான்டே பெல்லோ முதலிடம் பிடித்தது.

பீப்பாய்:
எது அதிகம் பிடித்தது என்று அது சொல்லும். அது நல்ல போர்தோவா என்று சொல்லாது. நான் கேட்பது இரண்டாவது கேள்வி.

கொடிமுந்திரி:
மறைப்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால் மேசையைச் சரிசெய்யுங்கள், பாதிப் பிழை அங்கேதான் நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே வடிவக் கோப்பை, ஒவ்வொன்றிலும் 50 மில்லி. சிவப்பு 16 முதல் 18 டிகிரி. அதைத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கி டானின் மட்டும் கசக்கும். கனமான ஒயினுக்குப் பிறகு பினோ நுவார் போன்ற மெல்லிய ஒயின் தண்ணீர்போலத் தெரியும், இனிப்புக்குப் பிறகு எதுவும் புளிக்கும். அதனால் ஒரு சுற்றில் ஒரே வகை, அதற்குள் ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றுங்கள். துப்பாமல் விழுங்குபவரின் ஆறாவது கோப்பைக்குப் பிந்தைய மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொன்று: ஒரே புட்டியிலிருந்து இரண்டு கோப்பை ஊற்றி, வெவ்வேறு இடத்தில் வையுங்கள். 20க்குப் போடும் மதிப்பெண் இரண்டுக்கும் இடையே 2க்கு மேல் விலகினால், அன்றைக்கு அந்தச் சுவைப்பவரின் தாளை ஒதுக்கிவிடலாம். கலிபோர்னியா மாநிலப் போட்டியில் ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் ஒரே ஒயினை மூன்று முறை வைத்துப் பார்த்தபோது, ஒரே பதக்க வரம்புக்குள் நின்றவர்கள் சுமார் 10 சதவீத நடுவர்களே.

துவர்ப்பு:
அந்த இரட்டைக் கோப்பைச் சோதனையே லேபிளை மறைத்தால்தானே நடக்கும்! ஊர் தெரிந்தால் ஒயினின் குறைக்குக்கூடச் சலுகை கிடைக்கிறது. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் தரும் குதிரைலாய வாடை பிரான்சின் ரோன் ஒயினில் ‘மண்ணின் குணம்’, வேறெங்காவது வந்தால் ‘கெட்டது’. வேதிப்பொருள் ஒன்றுதான்: 4-எத்தில்பீனால்.

பீப்பாய்:
அதில் உங்களோடு உடன்படுகிறேன், ரோனிலும் அது பழத்தை மூடினால் குறைதான். ஆனால் முதிர்ந்த ரீஸ்லிங்கின் பெட்ரோல் வாசனையை எண்ணிப் பாருங்கள். ரகம் தெரியாதவர் அதையும் கெட்ட புட்டி என்று ஓரங்கட்டுவார். மிளகு வாசனை இன்னும் சிக்கல். சிராவில் (ஷிராஸின் இன்னொரு பெயர்) அதைத் தரும் ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள், சுமார் ஐந்தில் ஒருவர் மூக்குக்கு எட்டவே எட்டாது.

கொடிமுந்திரி:
இரண்டு தாள் வையுங்கள். முதலில் மூடிய புட்டிக்கு: புளிப்பு, டானின், கனம், பின்சுவை எத்தனை நொடி, குறை உண்டா. தாளை வாங்கிவிட்டு ஊரையும் ரகத்தையும் மட்டும் சொல்லுங்கள், தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். இரண்டாம் தாளில் ‘இந்த வகைக்கு எப்படி’ என்று மதிப்பெண். ஈர அட்டை வாடை அடித்தால் அது கார்க் செய்த கேடு, மதிப்பெண் போடாமல் மாற்றுப் புட்டியைத் திறக்க வேண்டும்.

துவர்ப்பு:
சரி. ஆனால் முதல் தாளைத் திருத்தக் கூடாது, வெளியிடும் முடிவும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பீப்பாய்:
திருத்த வேண்டாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். முதல் தாளை மட்டும் போட்டால் நெபியோலோ மறுபடியும் கடைசியில் நிற்கும்.