அஞ்சலட்டையில் கரைந்துபோன ஓர் எண்

உறுப்பினர், திருச்சி:
1990களில் போலந்துக்காரர் ஒருவருடன் நான் அஞ்சல்வழியே ஆடிய சதுரங்க ஆட்டம், சிசிலியன் நைடார்ஃப் என்ற தொடக்க முறையில் ஆடியது, சமனில் முடிந்தது. அதிலும் விஷச் சிப்பாய் வழி, அதாவது கறுப்பு ராணி ஆபத்தை ஏற்று பி2 சிப்பாயை வெட்டும் வகை; நான் கறுப்பு. ராணியால் பி2 சிப்பாயை வெட்டி, அட்டையில் ‘2622’ என்று எழுதியபோது கை நடுங்கியது (அஞ்சல் ஆட்டத்தில் கட்டங்களை எண்களால் எழுதுவோம்; பி வரிசைக்கு எண் 2, ஆகவே இது பி6இலிருந்து பி2க்கு). ஆனால் இன்றும் என்னை உறுத்துவது அவருடைய 17ஆவது நகர்த்தல். மழையில் நனைந்து வந்த அட்டையில் ‘212’ தெளிவாக இருக்க, கடைசி எண் 3ஆகவும் தெரிந்தது, 8ஆகவும் தெரிந்தது. 3 என்றால் யானை பி3க்கு வந்து என் ராணியைத் தாக்கும். 8 என்றால் அதே யானையை என் ஏ8 யானை சும்மா வெட்டிவிடும். அது 3தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அன்றிரவு யானையைப் பி8இல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் விளக்கம் கேட்டு எழுதினேன். ஐந்து வாரம் கழித்து, ‘2123’ என்று கொட்டை எழுத்தில் பதில் வந்தது. ராணியை ஏ4க்கு நகர்த்தினேன். கடைசியில் தொடர் செக்கில் சமன்.

உறுப்பினர், மதுரை:
இதில் உறுத்த ஒன்றுமில்லை. படிக்க முடியாத நகர்த்தலைத் திருப்பிக் கேட்பதுதான் அஞ்சல் ஆட்டத்தின் முறை. கணினி உதவிக்குத் தடையில்லாத இணைய சர்வர் ஆட்டத்தில் மார்ஷல் தாக்குதல் என்ற தொடக்க முறையை ஆடிச் சமன் செய்தவன் நான். பன்னிரண்டு நகர்த்தல்கள் வரை கணினியின் மதிப்பீடு பூஜ்யத்தைவிட்டு, அதாவது இருவரும் சமம் என்பதைவிட்டு, அசையவே இல்லை. விஷச் சிப்பாயை எடுக்க நினைப்பவர்கள், 1972 உலகச் சாம்பியன் போட்டியில் ஃபிஷர் அதே வழியில் ஸ்பாஸ்கியிடம் 7ஆவது ஆட்டத்தைச் சமன் செய்து 11ஆவது ஆட்டத்தில் தோற்றதை முதலில் ஆராய வேண்டும். ராணி திரும்பும் பாதையை எண்ணிப் பார்க்காமல் பி2வைத் தொடக் கூடாது. தொட்டபின் ஒவ்வொரு அட்டைக்கும் நகல் வைத்துக்கொள்ள வேண்டும். எண்களைக் கரையாத மையால் எழுத வேண்டும்.

உறுப்பினர், கோவை:
மதுரை நண்பரே, அவர் விதியைக் கேட்கவில்லை. அந்த இரவைச் சொல்கிறார். எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. பெட்ராஃப் என்ற தொடக்க முறையில் ஆடிய ஓர் அஞ்சல் ஆட்டத்தில் எதிராளி கேட்ட சமனை ஏற்று அட்டையைப் போட்டுவிட்டு வீடு திரும்பிப் பலகையைப் பார்த்தால், அவருடைய குதிரைக்குத் தப்ப வழியே இல்லை. ஓடினேன். தபால் பெட்டியின் தகட்டில் ‘எடுக்கும் நேரம் 4.30’ என்றிருந்தது. அப்போது மணி 4.50.