'கெட்' என்றால் 'பெறு' மட்டும்தானா? எங்கே எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
'ஐ காட் எ லெட்டர்' வரைக்கும் 'பெறு' சரியாக வருகிறது. 'இட் இஸ் கெட்டிங் டார்க்', 'ஹீ காட் ஃபயர்டு', 'ஐ காட் ஹிம் டு சைன்' என்று வந்தால் ஒட்டவே இல்லை. அகராதியில் உள்ள எல்லாப் பொருளையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? 'காட் டு', 'ஹேவ் காட் டு' இரண்டும் ஒன்றா?

பதில் 1:
மனப்பாடம் வேண்டாம். 'கெட்'டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

பெயர்ச்சொல் வந்தால் பெறுதல், வாங்குதல், எடுத்து வருதல். 'கெட் மீ எ சேர்' என்றால் நாற்காலி கொண்டு வா. இடம் வந்தால் போய்ச் சேர்தல்: 'வீ காட் டு தி ஸ்டேஷன்'. ஆனால் ஹோம், ஹியர், தேர் இவற்றுக்கு முன் 'டு' போடக் கூடாது.

பெயரடை வந்தால் நிலைமாற்றம். 'ஷீ வாஸ் ஆங்ரி' கோபமாக இருந்தாள்; 'ஷீ காட் ஆங்ரி' கோபம் வந்துவிட்டது. 'ஹீ காட் ஃபயர்டு' (வேலையிலிருந்து நீக்கப்பட்டான்) செயப்பாட்டுவினை; 'வாஸ் ஃபயர்டு' என்பதன் பேச்சு வடிவம். அலுவலகக் கடிதத்தில் 'வாஸ்' போடுவதே நல்லது.

பதில் 2:
பலரும் சறுக்குவது பிறவினையில்தான். 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் எப்படியோ பேசிக் கையெழுத்துப் போட வைத்தேன். 'மேக்' போட்டால் கட்டாயப்படுத்தியது, 'ஹேவ்' போட்டால் வேலையை ஒப்படைத்தது. 'கெட்'டுக்கு 'டு' கட்டாயம் வேண்டும். மற்ற இரண்டுக்கும் கூடாது. 'ஐ மேட் ஹிம் டு சைன்' பிழை.

அடுத்தது, நாம் செய்யாமல் பிறரைக் கொண்டு செய்துகொள்வது. 'முடி வெட்டினேன்' என்று நினைத்துக்கொண்டு 'ஐ கட் மை ஹேர்' என்றால், நீங்களே கத்தரியை எடுத்ததாக அர்த்தம். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. 'கட்' என்பதன் மூன்று வினை வடிவங்களும் ஒன்றே (கட், கட், கட்) என்பதால் இங்கே தவறு வெளியே தெரியாது. 'ஐ காட் மை கார் ரிப்பேர்' என்னும்போது மாட்டிக்கொள்வோம். 'ரிப்பேர்டு' என்று முடிய வேண்டும்.

இதே அமைப்பு விபத்துக்கும் வரும். 'ஹீ காட் ஹிஸ் நோஸ் ப்ரோக்கன்' என்பவர் யாரிடமும் சொல்லி மூக்கை உடைத்துக்கொள்ளவில்லை!

பதில் 3:
'காட் டு' பற்றி: 'ஐ காட் டு மீட் ஹெர்' சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்' சந்தித்தே ஆக வேண்டும். பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து 'ஐ காட்டா' என்றே காதில் விழும். அப்போது காலத்தைப் பாருங்கள்: 'டுமாரோ' வந்தால் கட்டாயம், 'எஸ்டர்டே' வந்தால் வாய்ப்பு. நேற்றைய கட்டாயத்துக்கு 'ஹேட் டு'.

அமெரிக்கர்கள் 'ஐ ஹேவ் காட்டன்' என்பார்கள் ('கெட்'டின் மூன்றாம் வடிவம்; பருத்தி அல்ல). அவர்களிடம் 'ஹேவ் காட் எ டிக்கெட்' கையில் இருக்கிறது, 'ஹேவ் காட்டன் எ டிக்கெட்' வாங்கியாயிற்று.

கேட்டவர்:
நன்றி. பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' சரியா?

பதில் 2:
இந்தியாவில் புரியும். வெளியே 'கெட் ஆஃப்' சொல்லுங்கள். அங்கே 'கெட் டவுன்!' என்று கத்தினால் குனிந்து பதுங்குவார்கள். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், டாக்ஸிக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. பைக்குக்கும் 'ஆன்', 'ஆஃப்'தான்.