'நான் எப்படி வளர்ந்தேன்' என்று எழுதுவதற்கு மதிப்பெண் போடலாமா?

கரிசல்வாத்தி:
கலைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொதுத்தமிழ் எடுக்கிறேன். எங்கள் துறைக்குள் ஒரு மாதமாக ஓடும் சண்டையை இங்கே கொண்டு வருகிறேன்.

ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்களைச் சொந்த அனுபவம் ஒன்றைக் கட்டுரையாக எழுதச் சொல்கிறேன். ஒரே தடவையில் எழுதி முடிப்பது கிடையாது. மூன்று வரைவுகள் வேண்டும். மூன்றாவது வரைவோடு, "இதை எழுதும்போது நான் எழுத்தில் எப்படி வளர்ந்தேன்" என்று இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றும் தர வேண்டும். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 10 இதற்குப் போகிறது. அந்தப் பத்தில் நான்கு அந்தக் குறிப்புக்கு.

என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் பன்னிரண்டு வருடம் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப் பழகியவர்கள். "உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதுங்கள்" என்றால் "நீரின்றி அமையாது உலகு" என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் குளத்தில் அவர்கள் நீச்சல் பழகிய கதை எங்கேயும் இருக்காது. அந்தக் குறிப்பை எழுத உட்காரும்போதுதான் தன் எழுத்தைத் தானே படித்துப் பார்க்கிறார்கள். படிக்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் அந்த நான்கு மதிப்பெண் நியாயம் என்பது என் கட்சி. துறையில் இரண்டு பேர் கடுமையாக எதிர்க்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்காந்தள்:
ஐயா, நானும் எதிர்க்கிறேன். உங்களிடம் படித்தவள் இல்லை, ஆனால் இதே மாதிரி ஒரு குறிப்பு எழுதியவள்.

அதில் நான் எழுதியது இவ்வளவுதான்: முதலில் எனக்கு எழுதத் தெரியாது, ஆசிரியர் சொன்னதைக் கேட்டேன், இப்போது தெரிகிறது. என் தோழிகள் ஆறு பேரும் இதையேதான் எழுதினார்கள். எங்கள் எல்லோருக்கும் முழு மதிப்பெண். வளர்ந்தேன் என்று சொன்னால்தான் மதிப்பெண் வரும் என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளை 'வளரவில்லை' என்று எழுதும்? 'இரண்டாவது வரைவு முதல் வரைவைவிட மோசமாகிவிட்டது' என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படி நடக்கிறதுதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கட்டுரை, அம்மா வீட்டைவிட்டுப் போன வருடத்தைப் பற்றியது. வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்று நாள் கல்லூரிக்குப் போகவில்லை.

வலியை எழுதினால் மனம் ஆறும் என்று பேசுகிறவர்கள் அடிக்கடி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வைக் காட்டுவார்கள். 1986இல் வெளியான அந்த ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்ச்சிகளை எழுதினார்கள். பிறகு வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதி முடித்த உடனே மனநிலை மோசமானதும் அதே ஆய்வில் இருக்கிறது. முக்கியமாக, அவர்கள் எழுதியதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை, யாரும் சிவப்பு மையில் திருத்தவில்லை, வகுப்பின் முன்னால் நிறுத்திப் படிக்க வைக்கவும் இல்லை.

கடல்தாண்டி:
செங்காந்தள் சொல்வதன் பெரிய வடிவத்தை இங்கே அமெரிக்காவில் பார்க்கிறேன். கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் பிள்ளைகள் காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதிகபட்சம் 650 சொல். அதற்கென்றே கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 'ஒரு கஷ்டம் வந்தது, அதிலிருந்து ஒன்றைக் கற்றேன், இன்று வேறு ஆளாக நிற்கிறேன்' என்ற சட்டகத்துக்குள் பதினேழு வயதுப் பிள்ளையின் வாழ்க்கையை அழுத்திப் பொருத்துகிறார்கள். என் மகள் பாட்டியின் சாவைப் பற்றி எழுதினாள். "இதில் நீ என்ன கற்றாய் என்பது தெளிவாக இல்லை" என்று குறிப்பு வந்தது. "பாட்டி செத்துப்போனாள், அதில் கற்க என்ன இருக்கிறது?" என்று கேட்டு அழுதாள். கடைசியில் மிதிவண்டி பழுது பார்ப்பதைப் பற்றி எழுதி அனுப்பினாள்.

ஆனால் கரிசல்வாத்தியின் முறையை முழுவதும் தள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களான பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் 1980களில் இங்குள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். ஒரே அமர்வில் எழுதும் தேர்வுக்குப் பதிலாக, மாணவர் பருவம் முழுக்க எழுதித் திருத்தியதைத் தொகுப்பாக வாங்கினார்கள். பாடம் எடுத்தவர் மட்டும் தீர்ப்புச் சொல்லாமல் வேறு ஆசிரியர்களும் படித்து, தேறுமா தேறாதா என்று மட்டும் சொன்னார்கள். இதனால் மாணவருக்குத் தன் ஆசிரியரை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது, ஆசிரியரும் மாணவரின் பக்கம் நின்று உதவ முடிந்தது. உங்கள் துறையில் இதைச் செய்து பார்க்கலாமே?

நெல்லைவாசகி:
நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள். முன்னுரை, முடிவுரை என்றாலே ஏதோ நாங்கள் பிள்ளைகளின் கையைக் கட்டிப் போட்டது மாதிரி பேசுகிறீர்கள். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு 100 மதிப்பெண். அதில் கட்டுரைக்கு 8. குறிப்புகளைக் கொடுத்துத்தான் எழுதச் சொல்கிறோம். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதல் முறையாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவர்கள். வெறும் தாளைக் கொடுத்து "மனசில் இருப்பதை எழுது" என்றால் உறைந்து போய் உட்கார்ந்திருப்பார்கள். உட்தலைப்புப் போடச் சொல்லிக் கொடுத்தால் எழுத ஆரம்பிப்பார்கள். ஏணி இல்லாமல் எப்படி ஏறுவது? அதே தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற கேள்வியும் இருக்கிறது. பாடநூலில் 'நிற்க அதற்குத் தக' என்ற பகுதியில் பிள்ளைகளின் சொந்த அனுபவத்தைக் கேட்கிறோம். ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

சரி, குறிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 'வளர்ந்தேனா' என்று கேட்டால் பிள்ளை பொய்தான் சொல்லும். கேள்வியை மாற்றுங்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் பத்துக் குற்றங்களைச் சொல்லி வைத்திருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல்... இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டியிருக்கிறேன். கட்டுரை எழுதியதும் பென்சிலை எடுத்துத் தன் தாளில் எங்கெங்கே எது இருக்கிறது என்று பிள்ளையே குறிக்க வேண்டும். ஒரு பையன் தன் கட்டுரையின் கடைசிப் பத்தி முழுவதையும் வட்டமிட்டு "சென்று தேய்ந்துவிட்டது டீச்சர்" என்று காட்டினான்; போகப் போக வலுவிழந்து முடிகிறது என்று அர்த்தம். தன் மனதைத் திறந்து காட்டாமலேயே தன் எழுத்தைப் பார்க்க அவனால் முடிந்தது.

கரிசல்வாத்தி:
டீச்சர், ஏணியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஏறிய பிறகும் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டே கல்லூரிக்கு வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நன்னூல் அட்டையை நாளைக்கே நானும் எழுதி மாட்டுகிறேன்.

ஆனால் குற்றம் கண்டுபிடிப்பது மட்டும் போதாது. கட்டுரைக்குப் பிரெஞ்சில் 'எஸ்ஸே' என்று பெயர் வைத்த எழுத்தாளர் மோந்தேய்ன், முயன்று பார்ப்பது என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை எடுத்தார். அவருடைய கட்டுரை நூலின் முதல் பதிப்பு 1580இல் வந்தது. 1588 பதிப்பு வந்த பிறகும் விடாமல், அச்சான பிரதியின் ஓரங்களில் 1592இல் சாகும்வரை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிரதி இன்றும் பிரான்சின் போர்தோ நகரில் இருக்கிறது. முன்பு சொன்னதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இன்றைய எண்ணத்தையும் வைப்பதில் ஒரு வளர்ச்சி இருக்கிறது. என் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

மூன்றாம்பெஞ்சு:
சார், அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. போன வருடம் இதே மாதிரி மூன்று வரைவும் குறிப்பும் எழுதினேன். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்ல முடியும்.

ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். முதல் வரைவில் "என் தந்தை வியர்வை சிந்தி உழைத்து என்னைப் படிக்க வைத்தார்" என்று எழுதினேன். யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும். எங்கள் சார் ஓரத்தில் "அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு கேள்விதான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று அப்பா அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவார். எனக்கு அது தெரியும், ஆனால் எழுதுகிற விஷயம் என்று தோன்றியதே இல்லை. இரண்டாவது வரைவில் பாத்தி வந்தது, வாரிக் கரையில் குவிக்கிற அம்பாரம் வந்தது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பதால் அவர் போடுகிற கறுப்புக் கண்ணாடியும் வந்தது. அந்தக் கண்ணாடியோடு அவர் ஒரு நாள் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நான் வெட்கப்பட்டேன். மூன்றாவது வரைவில்தான் அதை எழுதினேன்.

ஆக, மூன்று வரைவு எழுத வைத்தது எனக்கு நல்லது. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

குறிப்புதான் பொய். பள்ளியில் படித்தபோது 'அம்பாரம்' என்று நான் எழுதியதைச் சுழித்து 'குவியல்' என்று ஓர் ஆசிரியர் மாற்றியிருந்தார். அன்றிலிருந்து எங்கள் ஊர்ச் சொல்லை எழுதப் பயம். கல்லூரிக் கட்டுரையில்தான் அதைத் திரும்பக் கொண்டு வந்தேன். எனக்கு நடந்த உண்மையான வளர்ச்சி அதுதான். ஆனால் குறிப்பில் "நல்ல தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதினேன். மதிப்பெண் எதற்கு வரும் என்று யோசித்தபோது அந்த வாக்கியம்தான் வந்தது.

நெல்லைவாசகி:
அம்பாரம் என்பது நல்ல தமிழ்ச் சொல்தான் தங்கச்சி. நெல் அம்பாரம் என்று எங்கள் ஊர்க் களத்திலும் சொல்வோம். அதைச் சுழித்தவர் செய்தது தவறு. நானும் இப்படி எத்தனை சொல்லைச் சுழித்திருப்பேன் என்று பயமாக இருக்கிறது. இனிமேல் தெரியாத சொல் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

கரிசல்வாத்தி:
தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் வகுப்பில் 62 பேர். அவர்களின் குறிப்புகளை இன்று மாலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "நல்ல சொற்களைக் கற்றேன்" என்ற வாக்கியம் பல தாள்களில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. நான் அதற்கெல்லாம் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

நான்கு மதிப்பெண்ணை எடுத்துவிடுகிறேன். குறிப்பை நிறுத்த மாட்டேன். மதிப்பெண் இல்லாமல், ஒரு பக்கம் போதும். கேள்வியையும் மாற்றுகிறேன்: முதல் வரைவில் இருந்த எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய்? எதைச் சேர்த்தாய், அது எங்கிருந்து வந்தது? பத்து மதிப்பெண்ணும் வரைவுகளுக்கே போகட்டும். கடல்தாண்டி சொன்னபடி இன்னொரு ஆசிரியரையும் படிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். துறையில் ஒப்புக்கொள்வார்களா, பார்க்க வேண்டும்.

செங்காந்தள்:
மதிப்பெண்ணை எடுத்தது நல்லது ஐயா, மனதாரச் சொல்கிறேன். என் கேள்வி பாதிதான் தீர்ந்தது. கட்டுரையில் நான் மட்டுமா இருந்தேன்? என் அம்மாவும் இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் அது எனக்குத் தோன்றவும் இல்லை. சொந்தக் கதையை எழுதச் சொல்லும்போதே, வீட்டைத் தொடாமல் எழுதவும் இடம் உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தெருவைப் பற்றி எழுதலாம், பழகிய ஒரு வேலையைப் பற்றி எழுதலாம். ஆசிரியர் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது. அழுகை வருகிற கதைக்குத்தான் மதிப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

தங்கச்சி, உங்கள் அப்பா அந்தக் கட்டுரையைப் படித்தாரா?

மூன்றாம்பெஞ்சு:
அப்பாவுக்கு வாசிக்க வராது அக்கா. நான் படித்துக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடிப் பகுதி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் வெட்கப்பட்டது அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். அதனால்தான் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லையாம்.

ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். மழைக்காலத்தில் உப்பளம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் வீடு ஓடும். யாரிடம் வாங்கினோம் என்று எழுதியிருந்தேன். "அவங்க நமக்குக் கொடுத்தவங்க, ஊருக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். அந்த வரிக்குப் பக்கத்தில் எங்கள் சார் 'மிக நல்ல வரி' என்று எழுதியிருந்தார். எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்தேன் என்று குறிப்பில் எழுதவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.