டெல்லி கணேஷின் நடிப்பை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பொதிகைச்சாரல்:
2024 நவம்பர் 9 அன்று டெல்லி கணேஷ் தமது 80ஆம் வயதில் காலமான பிறகு வெளிவந்த அஞ்சலிக் கட்டுரைகள் பலவும், 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்ற கணக்கோடும் ‘சிறந்த குணச்சித்திர நடிகர்’ என்ற அடைமொழியோடும் நின்றுவிட்டன. ‘கஸ்தூரி’, ‘செல்லமே’ ஆகிய தொடர்களின் வழியாகவே அவரை அறிந்த எனக்கு, இத்தனை இயக்குநர்கள் அவரைத் தேடிச் சென்றதற்கு என்ன காரணம் என்பது விளங்கவில்லை. கதாநாயகனாக வளர முடியாமல் போனது அவருக்கு இழப்பா? அவருடைய திறமையை அறிந்துகொள்ள எந்தப் படத்தை முதலில் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சபாநாடகப்பிரியன்:
முதலில் ஒரு திருத்தம்: 1981இல் வெளிவந்த ‘எங்கம்மா மகாராணி’யில் அவர் கதாநாயகனாகவே நடித்தார். அந்தப் பாதை தொடரவில்லை; அதனால் தமிழ்த் திரைக்கு நஷ்டம் ஏதும் இல்லை என்பதே என் கருத்து.

வல்லநாட்டில் பிறந்த கணேசன் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். தலைநகரில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் நடித்துப் பழகி, பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தைக் கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது அவருக்குத் திரைவாய்ப்பு கிடைத்தது; ‘டெல்லி’ என்ற முன்னொட்டும் பாலசந்தர் கொடுத்ததுதான். சபா நாடகத்தில் ஒலிவாங்கிக்கு எட்டும்படி வசனத்தைத் தெளிவாகச் சொல்வதும், எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும் வரை முகத்தில் உயிரோடு காத்திருப்பதும் அன்றாடப் பயிற்சி. அவருடைய குரல் வளத்துக்கு ஓர் அத்தாட்சி சொல்கிறேன்: ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் பின்னணிக் குரல் கொடுத்தவர் இவரே. நாயகனுக்கே குரல் தரக்கூடியவரைத் துணைப் பாத்திரம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

கூவம்கரையோரம்:
எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், துரை இயக்கிய ‘பசி’யை (1979) என்று தயங்காமல் சொல்வேன். குப்பை பொறுக்கும் பெண்ணாக ஷோபா நடித்துத் தேசிய விருது பெற்ற படம் அது. அவருடைய தந்தையாக, ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளியாக வரும் டெல்லி கணேஷுக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பத்தாண்டு காலம் படையில் இருந்துவிட்டு வந்தவர் சென்னைக் குடிசைப் பகுதியின் பேச்சைப் பேசுகிறார்; எந்த இடத்திலும் அது மிமிக்ரியாக ஒலிக்கவில்லை.

அதை முடித்த கையோடு ‘மைக்கேல் மதன காமராஜ’னைப் பாருங்கள். அதில் அவர் ஏற்ற பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயர் முற்றிலும் வேறு மனிதர். சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட செய்தி பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் காதுக்கு எட்டக் கூடாது. ஆகையால் பதற்றத்தை உரக்கக் காட்டவும் வழியில்லை. காமேஸ்வரனாகக் கமல்ஹாசன் தயங்கித் தயங்கி இழுக்கும் ஒவ்வொரு சொல்லையும் இவர் முதலில் நம்ப மறுத்து, பிறகு புரிந்துகொண்டு, அதன்பின் அடிவயிறு கலங்குவதைக் கண்களிலேயே காட்டுகிறார். கிரேசி மோகனின் வசனத்துக்குச் சிரிக்கிறோம் என்று நினைக்கிறோம். ஒலியை நிறுத்திவிட்டு இவர் முகத்தை மட்டும் பார்த்தாலும் சிரிப்பு வரும். (நான் பார்த்திருக்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.)

இதற்கு முந்தைய ஆண்டு ‘அபூர்வ சகோதரர்க’ளில் இதே கமலுக்கு எதிராக வில்லன்களில் ஒருவராக நின்றவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சின்னத்திரையான்:
மேலே உள்ளவர்கள் தொலைக்காட்சியைத் தொடாமல் விட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ போன்ற நல்ல தொடர்களிலும் அவர் இருந்தார். ஆயினும் நெடுந்தொடரின் இயல்பு வேறு: ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று அறைகளில் திரும்பச் சொல்வார்கள், கேட்பவரின் முகத்தைக் கேமரா மூன்று முறை நெருங்கிக் காட்டும். அந்த இடங்களில் கண்ணை உருட்டாமல், குரலை ஏற்றாமல், வீட்டில் ஒரு பெரியவர் எப்படிக் கேட்டுக்கொள்வாரோ அப்படியே கேட்டுக்கொண்டு போனவர் அவர். கேள்வி கேட்டவர் தாம் பார்த்த தொடர்களையே இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பார்க்கலாம்.

பொதிகைச்சாரல்:
மூவருக்கும் நன்றி. ‘பசி’யிலிருந்து தொடங்குகிறேன். ‘நாயக’னில் அவர் ஏற்ற ஐயர் பாத்திரத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே?

சபாநாடகப்பிரியன்:
வேலு நாயக்கருக்கு இறுதி வரை துணை நிற்கும் அந்தப் பாத்திரம் நன்றாக அமைந்ததே. ஆனால் அதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் ‘சிந்து பைரவி’யைச் (1985) சொல்வேன். குடித்துவிட்டு வந்ததற்காக மிருதங்க வித்வானான இவரை, சிவகுமார் ஏற்ற பாடகர் ஜே.கே.பி. கச்சேரியிலிருந்து விலக்குகிறார்; பின்னாளில் அந்தப் பாகவதரே குடிக்கு அடிமையாகிறார். முதல் காட்சியில் இவர் படும் அவமானம் நம் மனத்தில் தங்காமல் போயிருந்தால், சிவகுமாரின் வீழ்ச்சிக்குப் பாதி வலிமைகூட இருந்திருக்காது. ‘பசி’க்குப் பிறகு அதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.