புதுப்பிப்பு: விட்ஜெட் பழைய செய்தியையே காட்டினால்

சமூக ஊடக விட்ஜெட்டை (ஆப்பைத் திறக்காமலே அதன் செய்தியைக் காட்டும் சிறு பெட்டி) முகப்புத் திரையில் வைப்பது பற்றிய என் முந்தைய இழையில் பலரும் கேட்டது ஒன்றுதான்: விட்ஜெட் ஏன் உறைந்து நிற்கிறது?

ஆண்ட்ராய்டில் விட்ஜெட்டுக்கு சிஸ்டம் தானாகத் தரும் புதுப்பிப்பு இடைவெளி குறைந்தது 30 நிமிடம். அதைவிட வேகம் வேண்டுமானால், புதுச் செய்தி வந்ததும் ஆப் பின்னணியில் விழித்து விட்ஜெட்டை மாற்ற வேண்டும். பேட்டரி சேமிப்பு அந்த விழிப்பைத்தான் தடுக்கிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' தேர்ந்தெடுங்கள். ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்கள் 'ஆட்டோஸ்டார்ட்'டையும் (ஆப் தானாகத் தொடங்குவதற்கான அனுமதி) திறந்துவிட வேண்டும். எல்லா ஆப்புக்கும் இப்படிச் செய்யாதீர்கள், சார்ஜ் கரையும். உடனுக்குடன் பார்க்க வேண்டிய ஒன்றிரண்டுக்குப் போதும்.

விட்ஜெட் சாம்பல் நிறமாகித் தொட்டாலும் அசையவில்லையா? ஆண்ட்ராய்டு 15-இல் ஒரு ஆப்பை 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்தால் (செட்டிங்ஸில் போய்க் கட்டாயமாக நிறுத்தினால்) அதன் விட்ஜெட்களும் முடங்கும். ஆப்பை ஒருமுறை திறந்தால் உயிர் வரும். மெமரி கார்டுக்கு நகர்த்திய ஆப்பின் விட்ஜெட் பட்டியலிலேயே வராது. ஆப்பை போனின் உள் சேமிப்புக்கு மாற்றுங்கள்.

ஐபோனில் கணக்கு வேறு. அடிக்கடி பார்க்கும் விட்ஜெட்டுக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 40 முதல் 70 புதுப்பிப்புகள்தான். சார்ஜைச் சேமிக்கும் 'லோ பவர் மோட்' போட்டால், ஆப்கள் பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும் 'பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்'ஷும் நின்றுவிடும்.

செய்தியின் வரிகளைக் காட்டும் விட்ஜெட்டை மட்டும் முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். போனை யாரிடமாவது கொடுத்தால் உங்கள் உரையாடல் அவர் கண்ணில்தான் முதலில் படும். இரண்டாம் பக்கம் நல்லது.