டி ஸ்கொயருக்கு மைனஸ் 4 போட்டா ஜீரோ வருது, யாராவது சொல்லிக் குடுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டை, மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம். பன்னெண்டாவது வரை தமிழ் மீடியம். வகைக்கெழுச் சமன்பாடுன்னா புரியும். அதையே இங்கிலீஷ்ல வேகமா ஓட்டினா பாதி காத்தோட போயிடுது. மேத்ஸ் அரியர், பரீட்சைக்கு இன்னும் மூணே வாரம்.

சிக்கின இடம் இந்த வகைக்கெழுச் சமன்பாடுதான்: (டி ஸ்கொயர் + 4) ஒய் = காஸ் 2எக்ஸ். டின்னா எக்ஸை வெச்சு ஒரு தடவை டிஃபரன்ஷியேட் பண்றது, டி ஸ்கொயர்னா ரெண்டு தடவை. காம்ப்ளிமென்டரி ஃபங்ஷன் (வலது பக்கம் ஜீரோன்னு வெச்சா வர்ற விடை) வந்துடுச்சு, ஏ காஸ் 2எக்ஸ் + பி சைன் 2எக்ஸ். பர்டிகுலர் இன்டக்ரலுக்கு (வலது பக்க காஸ் 2எக்ஸுக்கான விடை) காஸ் 2எக்ஸை டி ஸ்கொயர் + 4ஆல வகுக்கணும்; அதுல டி ஸ்கொயர் இருக்கிற இடத்துல மைனஸ் 4 போட்டா கீழ ஜீரோ! நோட்ஸ்ல 'எக்ஸால பெருக்கு, கீழ இருக்கிறதை டிஃபரன்ஷியேட் பண்ணு'ன்னு ஒரே வரி. பண்ணேன். எக்ஸ் சைன் 2எக்ஸ் பை 4 வந்துச்சு, திருப்பிப் போட்டுப் பார்த்தா சரியாவும் இருக்கு. ஆனா அந்த எக்ஸ் எங்கேருந்து முளைச்சுது? ரெசனன்ஸ்னு கூடப் படிக்கிறவன் சொன்னான். ஊஞ்சல் ஆடுற தாளத்துக்கே தள்ளினா ஆட்டம் ஏறிக்கிட்டே போகுமே, அதுதானா?

வீட்டுல ஒரே ரூம், டிவி ஓடும்; ராத்திரி பத்துக்கு மேலதான் படிக்கவே முடியும். தமிழ்ல விளக்கி ஒரு வாய்ஸ் நோட் போட்டாலும் போதும். ஞாயித்துக்கிழமை பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் சேர்ந்து படிக்கிறவங்க இருந்தா சொல்லுங்க, சைக்கிள்ல வந்துடுறேன். அடுத்த பாடம் லாப்ளாஸ் டிரான்ஸ்ஃபார்ம் இன்னும் தொடவே இல்ல, அதை அப்புறம் கேக்குறேன்.