பேரு ஒண்ணு, பேப்பர்ல நாலு: நீலகிரியிலிருந்து விமானம் ஏறியவர்களின் அனுபவங்கள்

கோத்தகிரி பக்கம், சிறு தேயிலை விவசாயி

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பி யாரும் பிள்ளைகளை ஊரில் நிறுத்திக்கொள்வதில்லை. ஆனால் டிக்கெட் போட்ட பிறகுதான் பீரோவைத் திறந்து பேப்பரைத் தேடுகிறோம். அதனால் அவரவர் பட்டதை இங்கே எழுதுங்கள். முதலில் நானே தொடங்குகிறேன்.

நம் பக்கத்தில் ஜோகி என்கிற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆங்கிலத்தில் 'ஜே, ஓ, ஜி, ஐ' என்று எழுதியிருப்பார். வாக்காளர் அட்டையில் 'ஜே, ஓ, ஜி, எச், இ, இ'. ஆதார் எடுக்க வந்த பையன் மைதானத்தில் வரிசை நீண்டு கிடந்த அவசரத்தில் மூன்றாவதாக ஒன்றைத் தட்டியிருப்பான். பெள்ளி, போஜன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அந்தப் பெயர் மகனுக்கு இனிஷியலாகிறபோது ஓர் எழுத்தோடு போய்விடும், தொல்லை தெரியாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்து எழுத வேண்டும். அன்றைக்குத்தான் அப்பா பெயருக்கு எத்தனை வேஷம் என்று தெரியவரும்.

என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் ஆனது. கோவை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் கவுண்டரில் இருந்த பெண் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அருகருகே வைத்து, பேனா முனையால் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். அப்பா பெயரில் நின்றுவிட்டார். "தம்பி, இதுல எது சரி?" என்று கேட்டார். எது சரி என்று அவன் அப்பாவுக்கே தெரியாது! கடைசியில் சான்றிதழை ஆதாரமாக வைத்து ஆதாரைத் திருத்திக்கொண்டு மறுபடி போனோம். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு 2 முறைதான் சாதாரணமாக மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே எதை வைத்துத் திருத்துவது என்று முடிவுசெய்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு நுழைவு இல்லை என்று அறிவித்தபோது, ஊரே பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு ஒரு விளக்கம் வந்தது. இருந்தாலும் புதிதாக எடுப்பவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவதே நல்லது என்பேன். நம் வழக்கத்துக்கு அது ஒத்துவராதுதான். விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு நம் வழக்கமா தெரியும்?

குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனேன். எனக்கும் ஒற்றைப் பெயர்தான். விசா ஒட்டி வந்ததும் பார்த்தால், என் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்து. யாரோ ஒரு பெண்மணியின் விசாவை எனக்கு ஒட்டிவிட்டார்களோ என்று பயந்து மகளுக்கு ஃபோன் போட்டேன். சிரித்தாள். முதல் பெயர் தெரியாது என்பதற்கான சுருக்கமாம், ஒற்றைப் பெயர்க்காரர் எல்லாருக்கும் அப்படித்தானாம். அறுபது வயதுக்கு மேல் என் பெயர் தெரியாது என்று ஓர் அரசாங்கம் சொல்கிறது, என்ன செய்ய.

டிக்கெட்டை மகளே போட்டதால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி சரியாகப் போட்டாள். அங்கே ஊருக்குள் விமானம் ஏறவும் அடையாள அட்டை கேட்கிறார்கள். 2025 மே 7 முதல் அவர்கள் நாட்டு ஓட்டுநர் உரிமம் 'ரியல் ஐடி' தரத்தில் இருந்தாக வேண்டும் என்று கெடுபிடி. மருமகனின் உரிமம் பழையது, அவர் தவித்தார். எனக்கு ஒரு சிரமமும் இல்லை, பாஸ்போர்ட்டை நீட்டினேன், போகச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர் பாஸ்போர்ட் அங்கே உள்நாட்டுப் பயணத்துக்கும் செல்லும். அதனால் சூட்கேஸில் பூட்டி வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

கூடலூர், எலக்ட்ரீஷியன்

உங்களுக்கெல்லாம் பெயர்தான் பிரச்சினை. எங்களுக்கு முகவரியே பிரச்சினை.

எங்கள் தாத்தா பாட்டி தாயகம் திரும்பியவர்கள். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்ற 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையின் பதுளைத் தோட்டத்திலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கி மலை ஏறினார்கள். அப்பா பதுளையில் பிறந்தவர், கைப்பிள்ளையாக வந்தவர். நான் பிறந்தது கூடலூர் அரசு மருத்துவமனையில். நான் இந்தியன் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் சட்டத்தில் 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவருக்கு இங்கே பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த காவலர் அப்பா பிறந்த ஊரைக் கேட்டார். "பதுளை, சிலோன்" என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டார். அங்கே நின்றது ஃபைல்.

பாட்டியின் தகரப் பெட்டிதான் காப்பாற்றியது. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் அப்போது கொடுத்த பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் சுற்றி, நாப்தலின் உருண்டையோடு வைத்திருந்தார். அட்டையின் ஓரம் பூச்சி அரித்திருந்தது. உள்ளே தாத்தா, பாட்டி, பாட்டி மடியில் அப்பா என்று ஒரே புகைப்படம். அந்தப் பக்கத்தின் மேல் குத்திய முத்திரை பாதி அழிந்திருந்தாலும் எண் தெரிந்தது. காவலர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆயா, இதை லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க" என்றார். நல்ல மனிதர். தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகளே, பழைய குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, முகாம் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முகவரிக்கு வருகிறேன். எங்கள் வீடு பிரிவு 17 நிலத்தில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜன்ம நில (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தில் தீர்வாகாமல் கிடக்கும் நிலம். பட்டா கிடையாது, அதனால் கரண்ட் கிடையாது என்றே வளர்ந்தோம். (எலக்ட்ரீஷியன் வீட்டில் கரண்ட் இல்லை என்று நண்பர்கள் ஓட்டுவார்கள்.) கரண்ட் பில் கேட்டால் எங்கே போவது? வங்கிப் பாஸ்புக், கேஸ் இணைப்பு, வாக்காளர் அட்டை ஆகியவை கைகொடுத்தன. கதவு எண் இல்லாத லைன் வீட்டுக்காரர்கள் (எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) எல்லா ஆவணத்திலும் முகவரியை ஒரே மாதிரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எஸ்டேட் பெயர், இன்னொன்றில் டிவிஷன் பெயர் என்று இருந்தால் விசாரணைக்கு வருபவர் வேறு மலைக்கே போய்விடுவார்.

எனக்குக் குவைத்தில் வேலை. அதற்குக் காவல்துறை நற்சான்று வேண்டும். பலர் இதற்கு நேரே காவல் நிலையம் போய் நிற்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கானது பாஸ்போர்ட் சேவா தளத்தில்தான், கட்டணம் 500 ரூபாய். சுற்றுலா விசாவுக்கு அது தேவையில்லை. ஓர் ஏஜென்ட் தானே வாங்கித் தருவதாகச் சொல்லி எங்கள் லைனில் ஒருவரிடம் இதற்குப் பல மடங்கு வசூலித்தார். பணமும் போனது, ஆளும் காணோம். பத்தாம் வகுப்பு தேறிய சான்றிதழையும் பாஸ்போர்ட் எடுக்கும்போதே காட்டிவிடுங்கள். இல்லையென்றால் குடியேற்ற அனுமதி தேவை என்று குறிப்பு விழும். குவைத், சவுதி, மலேசியா என 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதியும் தனியாக வாங்க வேண்டும். என்னோடு கோழிக்கோடு கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் ஏற வந்த ஒருவரை அது இல்லாமல் இமிக்ரேஷனில் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். நாடுகாணி இறங்கி, நிலம்பூர் தாண்டி வந்தவர், அதே வழியில் திரும்பினார்.

ஊட்டி, விமான நிலையத் தரைப்பணி

நான் வேலை செய்யும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பயணிக்கு ஓர் அட்டை போதும். எங்களுக்கு விமான நிலைய நுழைவு அனுமதி அட்டை இல்லாமல் காலை உள்ளே வைக்க முடியாது. அது கிடைக்கும் முன் காவல்துறை எங்கள் பின்னணியை விசாரிக்கும். நான் படித்தது கோவையில், விடுதியில் இருந்தேன். சொந்த ஊர், தங்கிய ஊர் இரண்டிலும் விசாரித்தார்கள். விடுதி நடத்திய அம்மா, போலீஸ் வந்ததும் பதறி, "அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணிச்சு?" என்று என் அம்மாவுக்கே ஃபோன் செய்துவிட்டார். விசாரணை வரும் என்று முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்துவிட்டால் இந்த வேடிக்கை இருக்காது.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்பும் உண்டு. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எனக்கும் முதலில் தோன்றியது. 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து 329 பேர் இறந்ததும், அதன் பிறகு 1987 ஏப்ரலில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையானதும், 1999 டிசம்பர் காந்தகார் விமானக் கடத்தலுக்குப் பின் 2000இல் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலைய வாசலுக்கு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வந்ததும் அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாசலில் நிற்கும் ஜவான் உங்கள் அட்டையை இரண்டு முறை பார்க்கிறார் என்றால் உங்கள் மேல் கோபம் இல்லை.

உள்நாட்டுப் பயணத்தில் இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பெயரே வேறு மாதிரி இருந்தால் முதலில் விமானக் கம்பெனி கவுண்டருக்குப் போங்கள், ஓரிரு எழுத்தைத் திருத்தித் தருவார்கள். ஆனால் ஆளையே மாற்ற மாட்டார்கள். அண்ணன் டிக்கெட்டில் தம்பி போக முடியாது. இதைக் கேட்டுச் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெலிங்டன், முன்னாள் ராணுவத்தினர்

உள்நாட்டு விமானத்துக்கு ஆதார் மட்டும்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் புகைப்படம் உள்ள பென்ஷன் அட்டையோடு போய்வந்தவன். பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய தேசியமயமாக்கப்பட்ட வங்கிப் பாஸ்புக் எல்லாம் உள்நாட்டுக்குச் செல்லும். ரேஷன் கார்டு செல்லாது. பெற்றோரோடு போகும் குழந்தைக்குத் தனி அடையாளம் கேட்பதில்லை.

ஊட்டி, டாக்ஸி ஓட்டுநர்

பேப்பர் எல்லாம் சரியாக வைத்துக்கொண்டு வழியில் கோட்டைவிடுபவர்கள் உண்டு. பெங்களூரில் விடியற்காலை விமானம் என்றால் பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணிக்கு மூடி, காலை 6க்குத்தான் திறக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே தாண்டிவிட வேண்டும். கோவைக்கு என்றால் மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்துவிட்டால் கோத்தகிரி வழிதான், அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். போன வாரம் ஒரு பாட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். ஆதார் வீட்டில், பேரன் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினான். அது செல்லுமா?

ஊட்டி, விமான நிலையத் தரைப்பணி

வாட்ஸப் போட்டோ செல்லாது அண்ணா, ஜெராக்ஸும் செல்லாது. எம்-ஆதார் ஆப்பில் திறந்து காட்டினால் செல்லும். ஆனால் அதைப் போட ஓடிபி வர வேண்டும், ஆதாரில் பதிந்த நம்பர் கையில் இருக்க வேண்டும். பாட்டிகளின் ஆதாரில் பெரும்பாலும் யாரோ ஒரு மருமகனின் பழைய நம்பர் இருக்கும். முகத்தைக் காட்டியே விமான நிலையத்துக்குள் போகும் டிஜி யாத்ரா ஆப்பைப் போடவும் அதே நம்பர்தான் வேண்டும், அது இப்போது கோவையிலும் இருக்கிறது. எதுவானாலும் டவர் கிடைக்கிற இடத்தில், வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். அந்தப் பாட்டி அன்றைக்கு எப்படிப் போனார்?

ஊட்டி, டாக்ஸி ஓட்டுநர்

கைப்பையில் படம் ஒட்டிய பேங்க் பாஸ்புக் இருந்தது. மருந்து வாங்கப் பணம் எடுக்க வைத்திருந்தாராம். அதைக் காட்டிப் போய்விட்டார்.